அச்சம் ஈமானின் குறைவன்று



அச்சம் மனிதனின் இயல்பு. தம் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா (அலை) அவர்களும் அஞ்சிப் பின்வாங்கியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இறைத்தூதருக்கே வந்த அச்சத்தை ஈமானின் குறைவு என்று எவர் கூற முடியும்?

ஆனால் ஆபத்தே இல்லாத, அல்லது மிகச் சிறிதே உள்ள ஒன்றைக் கண்டு நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டி, அதை விட்டு ஓடும் நிலை மாதக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது நோய். மருத்துவர்கள் இதை ‘ஃபோபியா’ என்பர்.

பிழைப்பைத் தடுக்கும் நோய்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு இது வருமானத்தையே பாதிக்கக்கூடியது. மூடிய இடத்திற்கு அஞ்சுபவர் கம்பெனிப் பேருந்தில் ஏறத் தயங்குவார். ஊசிக்கு அஞ்சுபவர் வேலைக்கு முந்திய இரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பார். காரணம் சொல்ல வெட்கப்பட்டு வேலையை விட்டுவிட்டால், வீட்டார் சோம்பேறி என்பர், கோழை என்பர், ஜின்னின் சேட்டை என்றும் கூறுவர். நோயை விட இச்சொற்களே அவரை அதிகம் வருத்தும்.

அச்சம் வளர்வது எப்படி?

அஞ்சியதைத் தவிர்த்தவுடன் மனம் நிம்மதி அடைகிறது. ‘தவிர்த்ததால்தான் தப்பினோம்’ என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் பெருகுகிறது. ஆகவே அதனைச் சிறுகச் சிறுக எதிர்கொள்வதே சிகிச்சை. பேருந்துக்கு அஞ்சுபவர் முதலில் நின்றிருக்கும் பேருந்தில் சில நிமிடங்கள் அமர்வார். பின்னர் ஒரு நிறுத்தம் வரை செல்வார். படபடப்பு தணிந்த பிறகே அடுத்த படி.

இது நமக்குப் புதிதன்று. 850 முதல் 934 வரை வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் மன நலத்தையும் இணைத்து எழுதிய நூலில், அஞ்சும் பொருளோடு மனத்தைப் பழக்கப்படுத்தும் இம்முறையை விளக்கியுள்ளார்.

இரத்தம், ஊசி கண்டு மயங்குவோர் தனி வகையினர். இரத்த அழுத்தம் திடீரெனக் குறைவதே அம்மயக்கத்திற்குக் காரணம். கை, கால் தசைகளை இறுக்கி அதைத் தடுக்கும் பயிற்சியை மருத்துவர் கற்றுத்தருவார்.

எங்கே உதவி பெறலாம்?

1. 14416: 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண். இரவும் பகலும் தமிழில் பேசலாம். இரவு ஷிப்ட் முடித்து வருவோருக்கும் இது பயன்படும்.

2. மாவட்ட மனநலத் திட்டம்: மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லலாம். 1794இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உண்டு.

3. ஈ.எஸ்.ஐ.: காப்பீட்டு அட்டை உள்ள தொழிலாளர் தமக்கும் தம்மைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் அங்கே மருத்துவ ஆலோசனை பெறலாம்.

‘அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ’ என்று தயங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் உரிமையையும் அதன் விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் அளிக்கிறது.

துஆவும் மருந்தும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுடையவை வேறு நோய்கள். எனினும் மனநோயாளிக்கு மருத்துவத்தை மறுத்து மறைத்து வைப்பதன் முடிவை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டியது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். துஆ செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

பெற்றோரே! பிள்ளையின் அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். திடீரென்று அதனுள் தள்ளிவிடவும் வேண்டாம். அதற்காக அவன் வேலைகளையெல்லாம் நீங்களே செய்து கொடுக்கவும் வேண்டாம். அவன் எடுத்து வைக்கும் ஒவ்வொரு படியிலும் உடன் நில்லுங்கள்.

அஞ்சுவோருக்கு ஆறுதலாகவும் நோயுற்றோருக்குத் துணையாகவும் நிற்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.