கொடையும் நஞ்சும்

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், நேயர்களே, ஜெர்மனியில் ஒரு புட்டியின் மீது அதே சொல்லைக் கண்டால் தொடாமல் விலகுவதே நலம். அங்கே அதற்குப் பொருள் நஞ்சு! ஸ்வீடனிலோ நஞ்சுக்கும் அதே சொல். 'மணமானவர்' என்பதற்கும் அதே சொல். டேனிஷ், நார்வீஜிய மொழிகளிலும் அவ்வாறே. அம்மக்கள் இல்வாழ்க்கையை நஞ்சாகக் கருதினர் போலும் என்று நகைப்பவர் உண்டு. உண்மை அதுவன்று.

இவை யாவும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள். 'கொடு' என்னும் பொருளுடைய பழைய வேர் ஒன்றிலிருந்தே இச்சொல் பிறந்தது. எதைக் கொடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

ஒன்று, மணவழி. நாமும் 'பெண் கொடுத்த இடம்' என்கிறோம் அல்லவா? பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. பரிசு என்னும் பொதுப்பொருள், 9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழித் தொடர்பால் வந்தது. ஜெர்மன் மொழியிலும் சீதனத்திற்கு 'மிட்கிஃப்ட்' என்று பெயர்.

மற்றொன்று, மருந்துவழி. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவுக்கு அதுவே பெயராயிற்று. இன்றைய 'டோஸ்' அதன் வழிவந்ததே. லத்தீன் மூலம் இவ்வழக்கை அறிந்த ஜெர்மானியர், தம் சொல்லுக்கும் அப்பொருளை ஏற்றினர். பின்னர் அது நஞ்சையும் மறைத்துச் சொல்லும் சொல்லாயிற்று. நம் ஊரிலும் 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்றால், அது நோய் தீர்க்கும் மருந்தன்று. ஆங்கிலத்தின் 'பாய்சன்' கூட, 'பானம்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்ததுதான்.

இவ்வகை ஏமாற்றத்திற்கு ஐரோப்பா வரை செல்ல வேண்டியதில்லை. டில்லிக்கு வந்த புதிதில், ஒரு மொழிபெயர்ப்பை முடிக்க இரண்டு நாள் 'அவகாஷ்' வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "வேலை குவிந்திருக்கும்போது விடுமுறையா?" என்று அவர் முகம் சுளித்தார். தமிழில் கால இடைவெளியைக் குறிக்கும் சொல், இந்தியில் விடுமுறை, மலையாளத்தில் உரிமை.

அயல்மொழியாரிடையே வாழும் நமக்கு, அறியாத சொல்லால் அத்தனை இடரில்லை. பொருள் கேட்டு அறிந்துகொள்வோம். அறிந்த முகத்தோடு எதிரே வரும் சொல்லிடமே கூடுதல் விழிப்பு வேண்டும்.