எட்டுக் கம்பியும் பதினாறு கம்பியும்

அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்துக் காட்டிலே, அருவியின் தலைமேல் ஒரு வீடு நிற்கிறது. 'ஃபாலிங்வாட்டர்' என்று பெயர். கட்டியவர் யார் என்று கேளுங்கள்; ஃபிராங்க் லாயிட் ரைட் என்பார்கள் கற்றறிந்தோர். வரைந்தவர் அவர்தான், மேதைதான், மறுக்கவில்லை நாம். ஆனால் அது விழாமல் நிற்பது யாரால்?

பிட்ஸ்பர்க் நகரத்துப் பெருங்கடை முதலாளி காஃப்மன், ஓய்வு நாளில் வந்து தங்கக் கட்டச் சொன்ன வீடு அது. 1936இல் வேலை தொடங்கிற்று. அடியிலே தூணில்லை, அருவிக்கு மேலே அந்தரத்தில் நீள்கின்றன கான்கிரீட் தளங்கள்! பெரிய உத்திரம் ஒன்றுக்கு எட்டுக் கம்பி என்றது ரைட்டின் கணக்கு. போதாது என்றனர் முதலாளி தரப்புப் பொறியாளர்கள். ரைட்டுக்குத் தெரியாமலே எட்டு பதினாறாயிற்று. தெரிந்ததும் மேதை சீறினார். ஆனால் சென்ட்ரிங்கைப் பிரித்ததும் தளம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கிற்றே! பதினாறுக்கே இந்தக் கதி. கம்பி கட்டும் தோழர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும், எட்டோடு விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று.

ஒழுக்கு வேறு. "ஏழு வாளி வீடு" என்று முதலாளியே கேலி பேசினாராம்.

1963இல் அவர் மகன் வீட்டை மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்புக் கழகத்திடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு முதல் பொதுமக்கள் உள்ளே நடக்கிறார்கள். 'சீமான் வீடு சரிந்தால் நமக்கென்ன' என்று இனிச் சொல்வதற்கில்லை.

தளமோ இறங்கிக்கொண்டே இருந்தது. அளந்தபோது ஏழு அங்குலம்! 1997இல் ஓடைக்குள் இரும்பு முட்டுகளை நிறுத்தித் தாங்கினார்கள். 2002இல் கூடத்தின் தரைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, எண் குறித்து, அடுக்கினார்கள். உத்திரங்களின் பக்கவாட்டிலே எஃகு வடங்களை ஓட்டி, ஜாக்கி வைத்து முறுக்கேற்றினார்கள். பழைய மட்டத்துக்குத் தூக்க முயலவில்லை. தூக்கினால் விரிசல் காணும். இனி இறங்காதிருந்தால் போதும் என்றார்கள். அனுபவசாலிகள் பேச்சு அது!

கற்கள் அந்தந்த இடத்துக்கே திரும்பின. வடங்கள் கண்ணுக்குத் தெரியாது. 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது வீடு, ரைட்டின் படைப்பாக. ஜன்னல்களின் இரும்புச் சட்டங்களோ சாரலில் நனைந்து துருப்பிடிக்கின்றன. சுரண்டிச் சுரண்டி மறுபடியும் சிவப்பு வண்ணம் பூசுகிறார்கள்.