உப்புக் காற்று, தேரி மணல், எத்தனால் பெட்ரோல்... பழைய எக்ஸ்.எல் ஏன் 'ஜாம்' ஆகிறது?

தூத்துக்குடி மாவட்டத்தில் தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் பலருக்கு வேலையே தொடங்குகிறது. முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி உப்பளங்களுக்குள் போக வேண்டுமென்றால் பாத்திகளுக்கு நடுவில் இருக்கும் வரப்புதான் வழி. சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிப் பக்கம் முருங்கைக்கும் பனைக்கும் போகிறவர்களுக்குக் கணுக்கால் புதையும் செம்மணல். தருவைகுளத்திலும் புன்னைக்காயலிலும் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குக் கடற்கரை மணல்.

இந்த மூன்று பாதையிலும் சுமை இழுப்பது பெரும்பாலும் டிவிஎஸ் மொபெட்தான். 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல் சூப்பர், 70 சிசி-க்குச் சற்றே குறைந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டது. 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல் 100 வந்தது. இன்று புதிதாக விற்கப்படும் எக்ஸ்.எல் எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக். ஆனாலும், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கைவிட மனமில்லாமல் ஓட்டுகிறவர்கள் கிராமங்களில் ஏராளம். வண்டி நின்றால் அன்றைய கூலி நிற்கும், பெட்டியில் இருக்கும் மீன் கெடும். ரீபோர், புது பிஸ்டன், ரிங் என்று போனால் ஒரு வாரச் சம்பாத்தியம் சாதாரணமாகக் கரைந்துவிடும்.

இந்த வண்டிகளுக்கு வரும் பெரிய நோய் 'ஜாம்'. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென இழுவை குறைந்து, தகரம் உரசுவதுபோலச் சத்தம் போட்டு, அப்படியே பிடித்துக்கொள்ளும். "ஆயில் பத்தலை" என்பதுதான் உடனே கிடைக்கும் தீர்ப்பு. பாதி நேரம் அது சரி. மீதி நேரம் குற்றவாளி ஆயில் அல்ல, காற்று.

பெட்ரோல்தான் குளிர்ச்சி

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கிராங்க் அறையில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலும் அதில் கலந்த 2டி ஆயிலும் காற்றோடு சேர்ந்து கிராங்க் அறை வழியாகப் போகும்போதே பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுப் போகின்றன. உள்ளே போகும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால், மெக்கானிக் மொழியில் 'லீன்' ஆனால், எரியும் சூடு ஏறும், நனைக்கும் ஆயிலும் குறையும். அலுமினிய பிஸ்டன், தன்னைச் சுற்றியிருக்கும் இரும்பு போரைவிட வேகமாக விரியும். இடைவெளி தீர்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

தேரி மணலில் இது இன்னும் மோசம். சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்று இன்ஜினைக் குளிர்விக்கும். மணலில் ஆக்ஸிலேட்டர் முழுதாகத் திறந்திருக்கும், வண்டியோ நடை வேகத்தில் நகரும். எனவே மணலுக்குள் பாரத்தைக் குறைப்பதும், நீண்ட மணல் பாதையில் நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்துவதும் சோம்பேறித்தனம் அல்ல.

ஆயில் எவ்வளவு?

பரவலாக உள்ள அளவு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில், அதாவது 50-க்கு 1. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி போடாத சிரிஞ்சு ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். தனி கேனில் ஆயிலையும் பெட்ரோலையும் கலந்து குலுக்கி ஊற்றுவது நல்லது. டேங்க்கில் ஆயிலை மட்டும் ஊற்றினால் அது அடியில் தங்கி, முதலில் ஆயிலும் பிறகு வெறும் பெட்ரோலுமாகப் போகும்.

"பாரம் அதிகம், அதனால் ஆயிலை இரண்டு மடங்காக ஊற்றுகிறோம்" என்பவர்கள் உண்டு. கார்புரேட்டர் ஜெட்டின் துளை மாறுவதில்லை. அதன் வழியாக ஆயில் கூடுதலாகப் போனால், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். இது சிறிய வித்தியாசம்தான். அதைவிடப் பெரிய கெடுதல், எரியாத ஆயில் கரியாகப் படிந்து சைலன்ஸரையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் அடைப்பது. ஆனால் ஆயிலே இல்லாமல் ஒரு முறை ஓட்டினால் போதும், இன்ஜின் முடிந்தது. இரண்டில் எது மோசம் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வீட்டில் பழைய எக்ஸ்.எல், புது எக்ஸ்.எல் 100 இரண்டும் நிற்கிறதா? கலந்த பெட்ரோலைப் புது வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். அதற்குத் தனியாக இன்ஜின் ஆயில் இருக்கிறது.

இ20 பெட்ரோல் வந்த பிறகு

20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் குறிப்பிட்ட சில பங்க்குகளில் தொடங்கி, இப்போது எங்கும் பரவிவிட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இதனால் இரண்டு சங்கடங்கள்.

முதலாவது, எத்தனால் தனக்குள்ளேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கிறது. ஒரு கிலோ சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு 13.5 கிலோ அளவில் போதும். ஜெட் அதே ஜெட், காற்று அதே காற்று. ஆகவே வண்டி தானாகவே லீன் பக்கம் நகர்கிறது. ஏற்கெனவே விளிம்பில் ஓடிய இன்ஜின் இதில் கவிழும்.

இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடி அடுக்கில் 2டி ஆயில் இருக்காது, ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடுதான் இருக்கும். கார்புரேட்டருக்குப் போவதோ அடியில் இருப்பது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. கண்ணாடி பாட்டிலில் டியூப் வழியாகக் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிக்கோடு தெரிந்தால் டேங்க்கை முழுவதும் காலி செய்ய வேண்டும்.

மழைக்கு உப்பளம் நின்றதும் வண்டியும் நிற்கும் என்றால், டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, பெடலை நான்கைந்து முறை சுற்றிவிட்டு பிளக்கை மாட்டுங்கள். உப்புக் காற்றில் போர் துருப்பிடிக்காமல் இருக்க இது ஒன்றே போதும்.

பிளக் சொல்லும் சேதி

பத்து கிலோமீட்டர் பாரத்தோடு ஓட்டி, இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. ஈரக் கரியாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன். மறுநாள் காலை அதே பாரத்தை ஏற்றுவதற்கு முன்பு காரணத்தைத் தேட வேண்டும். பிளக் முனை இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

லீன் என்று தெரிந்ததும் ஜெட்டை மாற்ற ஓட வேண்டாம். முதலில் காற்று கள்ளத்தனமாக நுழைகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருந்தால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரோ கேஸ்கெட்டோ விரிசல் விட்டிருக்கலாம். ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள், தீப்பிடிக்கும் வேலை அது. இணைப்பு நன்றாக இருந்தும் இதே குணம் காட்டினால், மேக்னெட் பக்க கிராங்க் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அது மெக்கானிக் கைக்குப் போக வேண்டிய வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளை பிளக் என்றால், கார்புரேட்டர் ஊசியில் கிளிப் மாட்ட பல வரிகள் இருந்தால் ஒரு வரி கீழே மாட்டுங்கள். ஊசி மேலேறும், பெட்ரோல் கூடும். முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும் தொல்லை என்றால், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்க வேண்டும். ஊசிக் கிளிப்பும் ஜெட்டும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். மண் பந்தயங்களில் ஓடும் டூ ஸ்ட்ரோக் பைக்குகளுக்கும் இதே கணக்குதான். வெயில், குளிருக்குத் தகுந்தபடி அவர்களும் ஜெட் மாற்றித்தான் இறங்குகிறார்கள்.

ஐட்லிங் சரிசெய்ய, இன்ஜின் சூடான பிறகு ஏர் ஸ்குரூவை மெதுவாக அடிவரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்று முன்னே பின்னே திருப்பி, எங்கே இன்ஜின் வேகம் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும்

"ஃபில்டரைக் கழற்றினால் நன்றாக இழுக்கிறது" என்பது தேரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. அடைத்த ஃபில்டரைக் கழற்றினால் இழுக்கத்தான் செய்யும். அந்த நேரத்திலேயே பொடி மணல் நேராக போருக்குள் போய், ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள்போல ரிங்கைத் தேய்க்கிறது. கலவையும் லீன் ஆகிறது. மணலில் தினமும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை ஃபில்டரைப் பாருங்கள். ஃபோம் என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, உலர்த்தி, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைத் தட்டித் துடைக்கலாமே தவிர நனைக்கக் கூடாது.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, மைலேஜ் குறைகிறது என்றால் சைலன்ஸர் கரி பெரும்பாலும் காரணம். உள்குழாய் கழற்றும் வகை என்றால் அதைச் சுரண்டலாம். காஸ்டிக் சோடா கரைசலில் இரும்பு சைலன்ஸரை ஊறவைப்பதும் உண்டு. அலுமினியப் பாகங்களில் அது படக் கூடாது, அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் போர்ட்டில் உள்ள கரியை மரக் குச்சியால் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்குரூ டிரைவர் கீறினால் அந்தக் கீறலில் ரிங் மாட்டும்.

உப்பளத்திலிருந்து வந்ததும் வண்டியைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால், வீட்டு போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் அதை ஊற்றுவது உப்பின் மேல் உப்பு. ஒரு குடம் குடிதண்ணீரில் துணியை நனைத்து செயின், ஸ்போக்ஸ், பிரேக் கேம், மின் இணைப்புகளைத் துடைத்து, செயினுக்கு ஆயிலும் இணைப்புகளுக்கு வாசலினும் தடவினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் வழியில் ஜாம் ஆகிவிட்டால், பெடலை ஏறி மிதிக்காதீர்கள். நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, சக்கரம் லேசாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தால் ஹெட் வெடிக்கலாம். மறுபடி ஸ்டார்ட் ஆனாலும் பாரத்தை இறக்கிவிட்டு மெதுவாக வீடு சேர்வதே நல்லது. மறுநாளே போரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரீபோர் செய்ய நேர்ந்தால், முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்றாதீர்கள், தேரிக்குள் இறங்காதீர்கள்.