ஹாலில் மாட்டின அமெரிக்கப் படம்: கையால் வரைஞ்சதா, பிரிண்டா?

போன பொங்கலுக்கு சீர்காழியில் எங்க வீட்டு ஹாலுக்கு ஒரு புதுப் படம் வந்துச்சு. அண்ணன் ஆன்லைனில் ஆர்டர் பண்ணினது. கண்ணாடி போட்ட வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருத்தர், கையில் வைக்கோல் அள்ளுற மூணு முனைக் கவையோட நிக்கிறார். பக்கத்துல ஒரு பெண், பின்னாடி ஒரு வெள்ளை வீடு. அப்பாயி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "யார் வீட்டு ஆளுங்கடா இவங்க? அறுப்பு நேரத்துல ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க.

படத்தின் பெயர் 'அமெரிக்கன் காதிக்'. கிராண்ட் வுட் 1930-இல் வரைஞ்சது. அசல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கு. ஐயோவா மாநிலத்து விவசாயியும் அவர் மகளும்னு நினைச்சு வரைஞ்ச படம். ஆனா மாடலா நின்னவங்க அவரோட பல் டாக்டரும், அவர் தங்கச்சியும்தான்.

எங்க வீட்டுக்கு வந்தது 'கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்'னு சொல்லி வித்தது. அது உண்மையான்னு பார்க்கப் போய்த்தான் இதெல்லாம் படிச்சேன்.

கையால் பிரதி எடுக்கிறது எப்படி? முதல்ல அசலின் மேலயும் கேன்வாஸ் மேலயும் ஒரே விகிதத்துல கட்டம் போட்டு, கட்டம் கட்டமா கோட்டோவியத்தை மாத்துவாங்க. நம்ம எஞ்சினியரிங் கிராபிக்ஸ் ஸ்கேல் கணக்குதான். அப்புறம் ஒரே நிறத்துல வெளிச்சமும் நிழலும் மட்டும் அடிப்பாங்க. அதுக்கு மேலதான் நிறங்கள், அடுக்கடுக்கா. ஆயில் பெயின்டில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட வினைபுரிஞ்சு பாலிமரா இறுகும். அதுக்கு நாள் கணக்கா ஆகும். அதனால அடுக்கு அதிகமானா நாளும் அதிகம். சீனாவில் ஷென்சென் பக்கத்துல டாஃபென்னு ஒரு ஊர், 1989-க்கு அப்புறம் இந்தத் தொழிலுக்காகவே பேர் வாங்கினது.

குறுக்குவழி என்னன்னா, கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, அதுக்கு மேல நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவிடுறது. தொட்டுப் பார்த்தா மேடு பள்ளமா இருக்கும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. கையால் வரைஞ்சதுன்னா தூரிகைத் தடம் உருவத்தோட சேர்ந்து ஓடும், நிறமும் தடத்தோட மாறும். ஜெல் தடம் மூக்கு, சட்டை, சுவர்னு எதையும் பார்க்காம ஓடும். லென்ஸ் வச்சுப் பார்த்தா பிரிண்ட் புள்ளிகளும் தெரியலாம்.

எங்க படத்துல ரெண்டுமே தெரிஞ்சுது. இன்னொரு தப்பும் இருக்கு. கிராண்ட் வுட் பழைய ஃபிளெமிஷ் ஓவியங்களைப் பார்த்து, வழவழப்பா வரைஞ்சவர். அதுவும் துணியில் இல்லை, மரக்கூழ் அட்டையில். 'ஒரிஜினல் மாதிரி' இருக்கணும்னு தடவின மேடு பள்ளம் ஒரிஜினலிலேயே கிடையாது!

அப்போ பிரதியே மட்டமா? இல்லை. 1844-இல் மெட்ராஸ் ராணுவத்து அதிகாரி ராபர்ட் கில்லை அஜந்தா ஓவியங்களைப் பிரதி எடுக்கச் சொல்லி கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்புச்சு. சுமார் 20 வருஷம் குகையிலேயே கிடந்து, பெரிய பெரிய கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைஞ்சார். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் மாட்டி வச்சிருந்தப்போ 1866 தீயில் அதுல பெரும்பாலானது எரிஞ்சு போச்சு. 1872-இல் ஜான் கிரிஃபித்ஸ், பம்பாய் கலைப்பள்ளி மாணவர்களோட மறுபடி ஆரம்பிச்சார். நம்ம மாதிரி ஸ்டூடண்ட்ஸ்! அதுலயும் பல 1885 தீயில் போச்சு. மிஞ்சினது லண்டன் மியூசியத்தில் இருக்கு. இன்னிக்கு சுவரில் உதிர்ந்து போன சில பகுதிகள் அந்தப் பிரதிகளில்தான் தெரியுது. இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. படம் பளிச்சுன்னு தெரியணும்னு சுவரில் பூசின வார்னிஷ் பின்னாடி மஞ்சளாகி அசலையே கெடுத்துச்சு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பக்கத்துல சிதம்பரத்துல இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றுப்பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். அந்தப் பாதைக்குள்ள நாம சாதாரணமாப் போக முடியாது. அதை நம்மில் முக்கால்வாசிப் பேர் படமாவோ பிரதியாவோதான் பார்த்திருப்போம்.

பிரதின்னு சொல்லியே வித்தா அதுல தப்பில்லை. பிரிண்டைக் கைவேலைன்னு சொல்லி விக்கிறதுதான் தப்பு. நாள் கணக்கா உட்கார்ந்து வரையிற ஒருத்தருக்குக் கிடைக்க வேண்டிய கூலி அங்கதான் போகுது. வாங்குறதுக்கு முன்னாடி, பாதி வரைஞ்ச நிலையில் ஒரு போட்டோ கேளுங்க. கையால் வரையிறவர்னா அவர்கிட்ட அது இருக்கும்.

எங்க வீட்டுப் படம் இன்னும் ஹாலில்தான் இருக்கு. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அப்பாயி மட்டும், "அந்தப் பொண்ணு பாவம்டா, கழட்டாத"ங்கிறாங்க.