எந்தக் கோட்டைத் தொட்டு அளந்தார்கள்?

பிளாட் வாங்கப் போனால் விலையைப் பேரம் பேசுவோம், கார் பார்க்கிங் கேட்போம், டைல்ஸ் என்ன பிராண்ட் என்று விசாரிப்போம். பிளான் தாளில் போட்டிருக்கும் சதுர அடியை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்வோம், கம்ப்யூட்டர் போட்ட கணக்காயிற்றே என்று. கம்ப்யூட்டர் கூட்டலில் தப்பு செய்யாதுதான். ஆனால் எந்த வடிவத்தைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, சுவரின் எந்தக் கோட்டைத் தொட்டு அளப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வரைவாளரும், அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பில்டரும்.

உள்ளளவு 30 அடிக்கு 25 அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் 9 அங்குலச் சுவர். சுவரின் உள்முகத்தைத் தொட்டு பாலிலைன், அதாவது தொடர்கோடு, ஓட்டினால் 750 சதுர அடி. சுவரின் நடுக்கோட்டில் ஓட்டினால் சுமார் 792. வெளிமுகத்தில் ஓட்டினால் சுமார் 835. ஒரே வீடு, ஒரே மென்பொருள், மூன்று விடை. சதுர அடி 6,000 ரூபாய் என்றால் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. பால்கனி, மாடிப்படி, லிஃப்ட் பங்கெல்லாம் சேர்த்து ‘சூப்பர் பில்டப்’ ஆக்குவது இதற்கு மேல்.

பல வடிவங்களின் பரப்பைக் கூட்டும்போதுதான் பிழை அதிகம் நுழைகிறது. ஆட்டோகேட்டின் ஏரியா கட்டளையில் ‘ஆட்’, ‘சப்ட்ராக்ட்’ என்று இரண்டு வழி உண்டு. ஆட் கொடுத்து ஒவ்வொரு அறையாகக் கிளிக் செய்தால் மொத்தம் ஏறிக்கொண்டே போகும். படுக்கையறைக்குப் போட்ட பாலிலைனுக்குள்ளேயே பாத்ரூமும் அடங்கியிருந்து, பாத்ரூமைத் தனியாகவும் கிளிக் செய்தால், அந்த இடம் இரண்டு முறை ஏறிவிடும், மென்பொருள் எச்சரிக்காது. குழாய்கள் இறங்கும் டக்டை சப்ட்ராக்ட் செய்ய மறந்தாலும் அப்படித்தான். முழுதாக மூடாத பாலிலைனைக் கொடுத்தால், முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் தானே ஒரு நேர்கோட்டால் இணைத்துக்கொண்டு விடை சொல்லும். மூலை வெட்டுப்பட்டது யார் கண்ணிலும் படாது. அறைகளுக்குள் ஹேட்ச், அதாவது நிரப்புக் கோடுகள், போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மொத்தப் பரப்பைப் பார்ப்பது வேகமான வழி. ஒரு ஹேட்சின் மேல் இன்னொன்று கிடந்தால் அங்கேயும் இதே கதை.

எல்லாமே திட்டமிட்ட மோசடி என்று நான் சொல்லவில்லை. நாளைக் காலை பிரசுரம் அச்சுக்குப் போக வேண்டும் என்று சாயங்காலம் கேட்டால் இப்படித்தான் வரும். ஆனால் பிழை பில்டருக்குச் சாதகமாக விழுந்தால் அதைத் தேடித் திருத்த அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, கார்ப்பெட் ஏரியா எது என்று வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவர், டக்ட், உங்களுக்கு மட்டுமான பால்கனி, மொட்டைமாடி ஆகியவை இதில் சேராது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். டேப் பிடித்து அறை அறையாக அளந்து கூட்டினால், தடுப்புச் சுவர்களின் இடம் விட்டுப்போய், உங்கள் கூட்டுத்தொகை கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். வெளிச்சுவர்களின் உள்முகத்திலிருந்து உள்முகம் அளந்து, டக்டைக் கழியுங்கள். 10 அடி 6 அங்குலத்தை கால்குலேட்டரில் 10.6 என்று தட்டாதீர்கள், அது 10.5. பிளான் மில்லிமீட்டரில் இருந்தால் மீட்டருக்கு மாற்றிப் பெருக்கி, வரும் சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி.

பிளானின் ஆட்டோகேட் ஃபைலைக் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள். அது இல்லாமலும் சமாளிக்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தின் விவரங்களைப் பெறும் உரிமையை சட்டத்தின் 19-வது பிரிவு வாங்குபவருக்குத் தருகிறது. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே ஒவ்வொரு வகை வீட்டின் கார்ப்பெட் ஏரியாவையும் பில்டர் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டு தேடி, அங்குள்ள அளவையும் பிரசுரத்தில் உள்ள அளவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு அனுமதி இல்லை. ஆகவே அளவு தகராறைக் கிளப்ப வேண்டிய நேரம் அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான். ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும். கட்டி முடித்தபின் அளவு கூடினால், குறைந்தால் என்ன செய்வது என்ற ஷரத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விளம்பரத்தையோ பிரசுரத்தையோ நம்பிப் பணம் கட்டி, அதிலுள்ள தவறான தகவலால் நஷ்டப்பட்டால் 12-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். வாங்கவே வேண்டாமென்றால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் வீட்டின் பிளானை மாற்றுவதை 14-வது பிரிவு தடுக்கிறது. புகார் 31-வது பிரிவின் கீழ் ரெரா ஆணையத்திடம் போகும்.

ஒரு முக்கியமான ஓட்டை உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெரா பதிவு தேவையில்லை. சென்னையில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நாலைந்து பிளாட் கட்டி விற்கும் சின்ன பில்டர்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கும். பெரிய திட்டங்களில் வாங்கியவர்களுக்கும் ரெரா இருப்பதால் இந்த வழி அடைபடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நீங்களே வழக்கு நடத்தலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சாவி வாங்கும் அன்றே பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய் அளந்து, அளவைத் தேதியோடு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்போர்டும் ஃபால்ஸ் சீலிங்கும் ஏறிய பிறகு சுவரின் உள்முகம் எது என்பதே வாதத்துக்கு உரியதாகிவிடும்.