அலமாரிக் குறுந்தகடுகளுக்கு ஒரு பிளேயர்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே இன்றும் ஓர் அடுக்குக் குறுந்தகடுகள் இருக்கக் காணலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், அன்னமாச்சாரியர் கீர்த்தனைகள், சில பழைய திரைப்படப் பாடல்கள். இவற்றுக்கிடையே பேனாவால் பெயர் எழுதிய வெள்ளைத் தகடு ஒன்று. வீட்டுத் திருமணத்து நாதஸ்வரமோ, தாத்தா பாடிய பாசுரமோ அதில் இருக்கும். சுப்ரபாதம் 1963ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. இன்று கைபேசியிலேயே கேட்கலாம். அந்த வெள்ளைத் தகட்டில் இருப்பதோ வேறெங்கும் கிடைக்காது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் இருந்து, சி.டி. பிளேயர் மட்டும் பழுதடைந்த வீடுகளில், மாற்றுக் கருவிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதே கேள்வி.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த குறுந்தகட்டு முறையில், 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. அந்த முறை இன்றுவரை மாறவில்லை. இடம், வலம் ஆகிய இரு தடங்களிலும் நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகத் தகட்டில் பதிகிறது. சிறு கீறலால் சில எண்கள் விடுபட்டாலும், ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம்வரை பிளேயர் அவற்றைக் கணக்கிட்டு மீட்டுவிடும். ஆகவே, நன்றாக இயங்கும் எளிய பிளேயரும் விலையுயர்ந்த பிளேயரும் தகட்டிலிருந்து படிப்பது பெரும்பாலும் ஒரே எண்களைத்தான். அவற்றை ஒலியாக மாற்றும் பகுதியில் வேறுபாடு உண்டு. எனினும் அது, ஸ்பீக்கரை மாற்றினாலோ, சுவரோரத்திலிருந்து சற்று நகர்த்தி வைத்தாலோ காதுக்குப் புலப்படும் வேறுபாட்டைவிட மிகச் சிறியது. கையிருப்புத் தொகையின் பெரும்பகுதியைப் பிளேயருக்கே செலவிடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கடைக்குச் செல்லுமுன் பரணைப் பாருங்கள். பயன்படாமல் கிடக்கும் டி.வி.டி. பிளேயர் நல்ல சி.டி. பிளேயராகவும் உழைக்கும். அதன் பின்புறத்தில் சிவப்பு, வெள்ளை நிற ஒலித்துளைகள் இருந்தால் போதும், ஆம்ப்ளிஃபையரில் ‘சி.டி.’, ‘ஆக்ஸ்’ அல்லது ‘லைன்’ எனக் குறித்த துளைகளில் இணைக்கலாம். ‘ஃபோனோ’ எனக் குறித்ததில் இணைக்கக் கூடாது. அது இசைத்தட்டு முள்ளின் மிக மெல்லிய மின்குறிப்பைப் பெருக்குவதற்கானது. அதில் இணைத்தால் ஒலி சிதைந்து இரையும். எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் உள்ள புதிய டி.வி.டி. பிளேயர்கள் பழைய ஆம்ப்ளிஃபையருடன் நேரடியாகச் சேரமாட்டா. பாடலைத் தேர்ந்தெடுக்கத் தொலைக்காட்சித் திரை தேவைப்படும் கருவி, நாள்தோறும் காலையில் சுப்ரபாதம் கேட்பவருக்குத் தொல்லையாக இருக்கும். முகப்பிலேயே பாடல் எண் தெரியும் கருவி நல்லது.

அடுத்து, உங்களிடம் உள்ள தகடுகளின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். ஒரே தகட்டில் நூறு பாடல்கள் என்று விற்கப்பட்டவை எம்.பி.3 தகடுகள்; இசைக்கென்றே உருவான பழைய சி.டி. பிளேயர்கள் பலவற்றில் அவை ஒலிக்கமாட்டா, டி.வி.டி. பிளேயர்களில் பெரும்பாலும் ஒலிக்கும். வீட்டில் பதிந்த வெள்ளைத் தகடு சி.டி.-ஆர் வகை. கடையில் வாங்கிய தகட்டைவிட அது ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், மிகப் பழைய சி.டி. பிளேயர்களும் தொடக்கக் காலத்து டி.வி.டி. பிளேயர்கள் சிலவும் அதைப் படிக்கத் திணறும்.

புதிய கருவி வாங்குவோருக்கு உத்தரவாதமே பெரும் பயன். யமஹா, டெனான், மராண்ட்ஸ் போன்றோரின் தனி பிளேயர்கள் தரமானவை, விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் கண்டால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. நீங்கள் இழக்கும் ரொக்கத் தள்ளுபடியே பல சமயம் அந்த வட்டி. கடன் அட்டைத் தவணையில் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், சில வேளை செயலாக்கக் கட்டணமும் சேரும்.

பழைய கருவியே பலருக்கும் கட்டுப்படியாகும். சித்தூருக்கு அருகிலுள்ள வேலூரில் தேடலாம். சென்னை செல்வோர் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். எங்கு சென்றாலும் சொந்தத் தகடுகள் மூன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்: நல்ல தகடு ஒன்று, சற்றுக் கீறல் விழுந்தது ஒன்று, வீட்டில் பதிந்தது ஒன்று. தகட்டைப் போட்டதும் சில நொடிகளில் பாடல்களின் எண்ணிக்கை தெரிய வேண்டும். பிறகு நேராகக் கடைசிப் பாடலுக்குத் தாவச் செய்யுங்கள். குறுந்தகடு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் படிக்கப்படுவதால், கடைசிப் பாடலை அடைய லேசர் முனை முழுத் தூரமும் நகர வேண்டும். அங்கே தடுமாறினால் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது அது நகரும் தடத்தில் மசகு காய்ந்திருக்கலாம். தட்டு வெளியே வர மறுத்தால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் இறுகியிருக்கும்; அது சிறு செலவு. லேசர் முனை பழுதானால் செலவு கூடும், அதே மாதிரியில் முனை கிடைப்பதும் உறுதியில்லை. எனவே முதல் குறையைப் பேரம் பேசப் பயன்படுத்தலாம். இரண்டாவது குறை தென்பட்டால் கருவியை அங்கேயே விட்டு வருவது மேல்.

இணையத்தில் முன்பின் அறியாதவரிடம் வாங்குவதாயின் முன்பணம் அனுப்ப வேண்டாம். இடமாற்றம் ஆகிச் செல்லும் அதிகாரி எனச் சொல்லிக்கொண்டு மலிவான விலை கூறுவோர் உண்டு. ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று எவரேனும் கேட்டால் உடனே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை இடவோ தேவையே இல்லை. நேரில் கேட்டுப் பார்த்த பின் செலுத்துங்கள். கருவியின் வரிசை எண் குறித்த ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிளேயர் வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளைத் தகட்டை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். எழுத்துள்ள மேற்பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒளியைத் திருப்பும் படலம் அப்பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்கடியில் இருக்கிறது. சி.டி.-ஆர் தகட்டின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக் கூடியது. சித்தூர்க் கோடையில் காரின் முன்கண்ணாடியருகே ஒருபோதும் வைக்க வேண்டாம். ஒரு முறை ஆசை தீரக் கேட்டபின், கணினியின் டி.வி.டி. டிரைவில் போட்டு அதை இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தாரிடம் கொடுத்து வையுங்கள்.