எழுந்து நின்றதும் தலை சுற்றுவது ஏன்?

காலையில் சட்டென்று எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததுண்டா? ஓரிரு விநாடிகளில் அது சரியாகியிருக்கும். ஆனால், முதியோர் இல்லத்தில் வாழும் 80 வயதுப் பாட்டிக்கு அதே தலைச்சுற்றல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியலாம்.

நாம் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பு விசையால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கித் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் இரத்த அழுத்தமும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை மூளைத்தண்டுக்கு உடனே தெரிவிக்கின்றன. மூளையின் கட்டளைப்படி இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. அழுத்தம் சீராகிறது.

வயது கூடும்போது இந்த ஏற்பாடு மெதுவாகிறது. உணரிகளின் கூர்மை மங்குகிறது; தமனிகள் விறைக்கின்றன. நீரிழிவும் பார்க்கின்சன் நோயும் நரம்புகளைப் பாதிக்கலாம். இரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் சிலருக்கு அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும்.

நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைந்தால், அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. படுத்திருக்கும்போது 140 ஆக இருந்த மேல் அழுத்தம் நின்றதும் 115 ஆனால், 25 குறைந்துவிட்டது அல்லவா?

அமெரிக்க முதியோர் இல்லங்களில் வசித்த 911 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. பலமுறை அளந்து பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒருமுறையாவது இந்த வீழ்ச்சி தென்பட்டது. காலையில் முதன்முதலாக எழும் நேரத்தில்தான் அது அதிகம். இரவு முழுதும் நீர் அருந்தாததும் இதற்கு ஒரு காரணம். எனவே, மதியம் உட்கார வைத்து ஒருமுறை அளந்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட முடியாது.

பாட்டி, தாத்தா எழும்போது அவசரப்படுத்தாதீர்கள். முதலில் கட்டிலின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரட்டும். பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழலாம். தலைச்சுற்றல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக்கூடாது. அந்த இரண்டு நிமிடப் பொறுமை ஓர் எலும்பு முறிவைத் தடுக்கலாம்.